57 கோடி ரூபாய்க்கு ஒரு சிகரெட் அட்டை: விலை சரி, மதிப்பு எங்கே இருக்கிறது?

2022 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் ஒரு சின்ன அட்டை கைமாறியது. அகலம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. உயரம் இரண்டே முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. தீப்பெட்டியைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான். அதன் விலை 72.5 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 57 கோடி ரூபாய்.

தங்கம் பூசியதா? இல்லை. 1909 வாக்கில் சிகரெட் பாக்கெட்டுக்குள் இலவசமாகப் போட்டுக் கொடுத்த காகித அட்டை. அதில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் முகம். புத்தம் புதிதாகவும் இல்லை. நூறு வருஷத் தேய்மானம் அதில் தெரியும்.

'பணக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை' என்று ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போய்விடலாம். ஆனால், இந்த அட்டைகளின் கதையில் ஒரு சிகரெட் ஏகபோகம் இருக்கிறது, ஒரு மோசடி வழக்கு இருக்கிறது, மூட்டுவலியோடு கடைசிவரை அட்டை ஒட்டிய ஒரு மனிதர் இருக்கிறார். பழைய பொருள்களை 'முதலீடு' என்று சொல்லி மொபைல் ஆப்களில் விற்கும் இந்தக் காலத்தில், விலைக்கும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

டி206 என்றால் என்ன?

1909 முதல் 1911 வரை 'அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி' தன் சிகரெட், புகையிலை பாக்கெட்டுகளில் பேஸ்பால் வீரர்களின் வண்ணப் படங்களைப் போட்டது. வெள்ளை ஓரம், நடுவில் கல்லச்சில் அடித்த படம், கீழே பழுப்பு மையில் வீரரின் பெயரும் ஊரும். இந்த வரிசைக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர்தான் டி206.

மொத்தம் 524 அட்டைகள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. முழுத் தொகுப்பையும் சேர்ப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம் என்பதால் இதற்கு 'மான்ஸ்டர்' என்றே செல்லப்பெயர். அதாவது, ராட்சசன்.

முன்பக்கம் வீரர், பின்பக்கம் விளம்பரம். பீட்மான்ட், ஸ்வீட் கேபோரல் ஆகிய பிராண்டுகளின் பின்பக்கங்கள்தான் அதிகம் கிடைப்பவை. சவரின், ஓல்டு மில், போலார் பேர், டால்ஸ்டாய், டிரம், உசிட் என்று மொத்தம் 16 பிராண்டுகள். அதில் ஒன்றின் பெயர் 'ஹிந்து'! இந்தியாவுக்கும் அந்தச் சிகரெட்டுக்கும் பெரிய சம்பந்தம் தேட வேண்டாம். கிழக்கத்திய வாசம் வீசும் ஒரு பெயர் இருந்தால் விற்கும் என்ற அன்றைய வியாபாரக் கணக்கு அது. டால்ஸ்டாய் பெயரிலும் சிகரெட் விற்றவர்கள் அல்லவா?

ஒரே வீரர், ஒரே படம். பின்பக்கத்தில் பிராண்ட் மாறினால் விலையும் தலைகீழாக மாறும். சாதாரண பீட்மான்ட் பின்பக்கத்தோடு வந்தால் ஒரு விலை. அரிதான டிரம் பின்பக்கத்தோடு வந்தால் அதைப்போலப் பல மடங்கு. பின்பக்கங்களுக்காகவே அட்டை சேர்க்கும் தனிக் கூட்டமும் உண்டு.

சிகரெட்டுக்குள் வீரர்கள் எப்படி வந்தார்கள்?

முதலில் அட்டையின் வேலை ரொம்பச் சாதாரணமானது. மெல்லிய காகித பாக்கெட்டில் சிகரெட் நசுங்காமல் இருக்க ஒரு கெட்டியான அட்டை தேவைப்பட்டது. வெறும் அட்டையாக ஏன் போட வேண்டும், படம் அச்சிட்டால் என்ன என்று யோசித்தார்கள்.

1880-களில் ஜேம்ஸ் பான்சாக் கண்டுபிடித்த சிகரெட் சுற்றும் இயந்திரம் வந்தது. கையால் சுற்றிக்கொண்டிருந்த தொழிலில், ஒரே இயந்திரம் ஒரு நாளைக்கு லட்சத்துக்கும் மேல் சிகரெட் தள்ளியது. சரக்கு குவிந்தது, வாங்க ஆள் வேண்டும். நடிகைகள், கொடிகள், பறவைகள், குத்துச்சண்டை வீரர்கள், பேஸ்பால் வீரர்கள் என்று படங்கள் பாக்கெட்டுக்குள் வந்தன.

1890-ல் ஜேம்ஸ் புக்கானன் டியூக், ஐந்து பெரிய கம்பெனிகளைச் சேர்த்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை உருவாக்கினார். போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே வீட்டுக்குள் வந்தபிறகு யாரோடு போட்டி போடுவது? அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே பேஸ்பால் அட்டைகள் பெரும்பாலும் நின்றுபோயின. 1909-ல் சந்தைச் சூழல் மாறியபோது திரும்பி வந்தன. அப்படி வந்ததுதான் டி206.

அந்த ஏகபோகமும் நீடிக்கவில்லை. 1911 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உடைக்கச் சொல்லித் தீர்ப்பு கொடுத்தது. டி206 வரிசையும் அந்த ஆண்டோடு முடிந்தது. 1913-ல் ரெனால்ட்ஸ் கம்பெனியின் கேமல் சிகரெட் வந்தபோது, இதில் பரிசு, கூப்பன் எதையும் தேட வேண்டாம் என்று பாக்கெட்டின் பின்னாலேயே அச்சடித்தார்கள். இலவசப் படம் கொடுத்து ஈர்க்கும் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது.

ஆக, இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் அட்டை, பிறந்தபோது ஒரு விளம்பரத் துண்டு. இதை மறந்துவிட்டு இதைப் பற்றிப் பேசவே முடியாது.

அந்த விளம்பரம் யாருக்கு?

சிகரெட் வாங்கியவர்கள் பெரியவர்கள். அட்டைக்கு ஏங்கியவர்கள் சிறுவர்கள். புகையிலைக் கடை வாசலில் நின்று, வெளியே வரும் பெரியவர்களிடம் 'சார், அந்தப் படம் வேணுமா?' என்று கேட்டு வாங்கும் பையன்கள் அன்றைய அமெரிக்க நகரங்களில் சகஜமான காட்சி.

எல்லாப் பையன்களும் படத்தோடு நிற்கவில்லை. குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், 1910-ல் செயின்ட் லூயிஸ் நகரில் எடுத்த படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பேப்பர் விற்கும் சின்னப் பையன்கள் வாயில் சிகரெட்டோடு நிற்கிறார்கள். டி206 அட்டைகள் வெளிவந்துகொண்டிருந்த அதே ஆண்டு.

விளையாட்டு வீரனின் முகத்தை வைத்துப் புகையிலையை விற்பது அமெரிக்காவோடு முடிந்த கதையும் இல்லை. 1996-ல் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு 'வில்ஸ் வேர்ல்ட் கப்' என்றுதானே பெயர்? இந்திய வீரர்களின் சட்டையில் சிகரெட் பிராண்டின் பெயர் இருந்த காலம் இன்றைய நாற்பது வயதுக்காரர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். 2003-ல் சட்டம் வந்து நேரடி விளம்பரத்தைத் தடுத்தது. அதன்பிறகு அது பான் மசாலா, ஏலக்காய் என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

'செத்த பந்து' காலம் எப்படி இருந்தது?

பேஸ்பால் என்றாலே பந்து ஸ்டேடியத்துக்கு வெளியே பறக்கும் ஹோம் ரன்தான் நினைவுக்கு வரும். டி206 வீரர்கள் ஆடியது வேறு ஆட்டம். ஏறக்குறைய 1900 முதல் 1919 வரையிலான அந்தக் காலத்தை 'டெட் பால்' காலம் என்பார்கள்.

பந்து மென்மையானது, வேகமாகப் பறக்காது. ஒரே பந்தை ஆட்டம் முழுக்க வைத்து ஒப்பேற்றுவார்கள். பார்வையாளர்கள் பக்கம் போன பந்தைத் திரும்ப வாங்கி அதையே வீசுவார்கள். பந்தில் எச்சில் தடவலாம், மண் தேய்க்கலாம். கடைசியில் அது கறுத்து, நைந்து, கண்ணுக்கே தெரியாது. ஐபிஎல் பார்த்துப் பழகியவர்கள், உடைந்த பிட்ச்சில் ஐந்தாம் நாள் டெஸ்ட் ஆட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

1908-ல் சிகாகோ வைட் சாக்ஸ் அணி சீசன் முழுக்க அடித்த ஹோம் ரன்கள் மொத்தம் மூன்று. ஒரு வீரர் இல்லை, முழு அணியும் சேர்ந்து மூன்று! 1909-ல் டை காப் ஒன்பது ஹோம் ரன்களோடு தன் லீகில் முதலிடம் பிடித்தார். ஒன்பதுமே மைதானத்துக்குள்ளேயே விழுந்த பந்தில் ஓடியே எடுத்தவை. பேட்டைத் தாழ்த்தித் தட்டிவிட்டு ஓடுவது, அடுத்த தளத்தைத் திருடுவது, ஒவ்வொரு ரன்னையும் பிச்சுப் பிச்சு எடுப்பது – அதுதான் ஆட்டம்.

1920-ல் எல்லாம் மாறியது. எச்சில் பந்து தடைசெய்யப்பட்டது. ஏற்கெனவே அதை நம்பியிருந்த சில பந்துவீச்சாளர்களுக்கு மட்டும் விலக்கு. அந்த ஆகஸ்டில் கிளீவ்லாந்து வீரர் ரே சாப்மேன், தலையில் பந்து பட்டு இறந்தார். அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வலுப்பெற்றது. அதே ஆண்டு பேப் ரூத் ஒருவரே 54 ஹோம் ரன் அடித்தார். பழைய ஆட்டம் அத்தோடு போனது.

அந்தக் காலத்துக்கு இன்று பார்க்கக் கிடைக்கும் வீடியோ மிகக் குறைவு. அதனால்தான் டி206 அட்டைகளின் மேல் இவ்வளவு பிரியம். சிறுவயதில் பண்ணை இயந்திரத்தில் விரலை இழந்து, அந்தக் கையாலேயே யாரும் வீச முடியாத பந்தை வீசிய 'மூன்று விரல்' பிரவுன் அதில் இருக்கிறார். 511 வெற்றிகள் கண்ட சை யங் இருக்கிறார். 1908-ல் ஒரு எதிராளியைக்கூட முதல் தளம் தொடவிடாமல் ஆட்டத்தை முடித்த ஆடி ஜாஸ் இருக்கிறார். 1911 ஏப்ரலில், 31 வயதில், மூளைக்காய்ச்சலில் ஜாஸ் இறந்துபோனார். அந்த ஜூலையில் அவர் குடும்பத்துக்குப் பணம் திரட்ட மற்ற அணிகளின் நட்சத்திரங்கள் கிளீவ்லாந்தில் கூடி ஆடினார்கள். அவர் முகம் உள்ள அட்டையைக் கையில் எடுக்கும்போது விலைப் பட்டியல் யாருக்கு ஞாபகம் வரும்?

வாக்னர் ஏன் வேண்டாம் என்றார்?

டி206-ல் வாக்னர் அட்டைகள் இன்று சுமார் 60 மட்டுமே இருப்பதாகக் கணக்கு. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப். எட்டு முறை நேஷனல் லீகின் பேட்டிங் பட்டம் வென்றவர். 1936-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வான முதல் ஐந்து பேரில் ஒருவர். அவ்வளவு பெரிய நட்சத்திரத்தின் அட்டை எப்படி அரிதானது? அச்சிடத் தொடங்கிய சற்று நேரத்திலேயே அவர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

1912-ல் 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' பத்திரிகையில் வந்த விவரம் இது. சிகரெட் கம்பெனி, பிட்ஸ்பர்க் பத்திரிகையாளர் ஜான் க்ரூபரிடம், வாக்னரிடம் அனுமதி வாங்கித் தந்தால் 10 டாலர் என்று சொன்னது. க்ரூபர் கடிதம் எழுதினார். தன் படம் சிகரெட்டில் வருவதில் விருப்பமில்லை என்று வாக்னர் பதில் எழுதினார். 'உங்களுக்கு 10 டாலர் நஷ்டமாகிவிடக் கூடாது' என்ற எண்ணத்தில் அதே தொகைக்குத் தன் செக்கையும் இணைத்து அனுப்பினார். க்ரூபர் அதைப் பணமாக்கவில்லை, நினைவாக வைத்துக்கொண்டார்.

குழந்தைகள் சிகரெட் வாங்கக் கூடாது என்பதற்காக மறுத்தார் என்பது ஒரு தரப்பு. பணம் போதவில்லை என்பதால் மறுத்தார் என்பது இன்னொரு தரப்பு. இரண்டாவது தரப்புக்கும் ஆதாரம் உண்டு: வாக்னர் புகையிலை மெல்லுபவர், முன்பு ஒரு சுருட்டு விளம்பரத்தில் அவர் படம் வந்திருக்கிறது.

ஆனால், காசுக்காக அடம்பிடித்தவர் தன் கையிலிருந்து 10 டாலர் எடுத்து அடுத்தவருக்கு அனுப்புவாரா? தனக்குப் பழக்கம் இருப்பது ஒன்று. அதை வாசலில் நிற்கும் பையனுக்குத் தன் முகத்தை வைத்து விற்பது வேறு. தான் சிகரெட் பிடித்தாலும், 'நீ தொடாதே' என்று மகனிடம் சொல்லும் அப்பாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர் சொன்ன அந்த 'வேண்டாம்'தான், 113 வருஷம் கழித்து 57 கோடி ரூபாயாக நின்றது. வாக்னருக்கு அதில் ஒரு காசு கிடையாது; 1955-லேயே காலமாகிவிட்டார்.

பணம் பார்க்காத சேகரிப்பாளர்

'டி206' என்ற பெயரே சிகரெட் கம்பெனி வைத்தது அல்ல. ஜெபர்சன் பர்டிக் வைத்தது. நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கடுமையான மூட்டுவாத நோயாளி. விளம்பர அட்டைகள், வாழ்த்து அட்டைகள், பேஸ்பால் அட்டைகள் என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்தார். அவற்றுக்கு ஓர் ஒழுங்கும் கொண்டுவந்தார். இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'டி'. அதில் 206-வது வரிசை இது. 1939-ல் அவர் வெளியிட்ட பட்டியல்தான் இன்றைக்கும் இந்த உலகத்தின் அகராதி.

சேர்த்ததை அவர் விற்கவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட காகிதங்கள். அதில் 30 ஆயிரத்துக்கும் மேல் பேஸ்பால் அட்டைகள். விரல்கள் மடங்காத நிலையிலும் மியூசியத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். மார்ச்சில் இறந்துபோனார்.

'ஒட்டினார்' என்று கேட்டவுடன் இன்றைய முதலீட்டாளருக்கு நெஞ்சு வலிக்கும். பசை பட்ட அட்டையின் கிரேடு அடியில் போய்விடும். ஆனால், பர்டிக் கொடுத்த வாக்னர் அட்டை பொதுச்சொத்தாக அந்த மியூசியத்தில் இருக்கிறது. பசை பட்டதால் அது கெட்டுப்போனதா, அல்லது யாரும் விற்க முடியாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் பிழைத்ததா?

கத்தரி போட்ட கோடி

எதிர்த் துருவத்தில் இன்னொரு வாக்னர் அட்டை இருக்கிறது. ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி 1991-ல் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்ததால் அதற்குக் கிரெட்ஸ்கி வாக்னர் என்றே பெயர். மூலை மழுங்காத, ஓரம் நேரான, பளிச்சென்ற அட்டை.

அப்போதுதான் 'கிரேடிங்' என்ற புதுத் தொழில் தொடங்கியிருந்தது. அட்டையை நிபுணர்கள் பார்த்து, 10-க்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துக் கொடுப்பார்கள். பிஎஸ்ஏ நிறுவனம் மதிப்பெண் போட்ட முதல் அட்டையே இதுதான். கிடைத்தது 8. அதன்பிறகு விலை ஏறிக்கொண்டே போனது: 2000-ல் 12 லட்சம் டாலருக்கு மேல், 2007-ல் 28 லட்சம் டாலர்.

2013-ல் குட்டு வெளிப்பட்டது. ஒரு காலத்தில் அந்த அட்டையை வாங்கி விற்ற பிரபல ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ, வேறு ஏல முறைகேடுகளுக்காக நீதிமன்றத்தில் நின்றபோது, அதன் ஓரங்களைத் தான் நறுக்கியதாக ஒப்புக்கொண்டார். தேய்ந்த ஓரத்தை வெட்டினால் புதிதுபோலத் தெரியும் அல்லவா? அதைத்தான் செய்திருக்கிறார். 2015-ல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஒரு தனிமனிதரின் பேராசை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 'புதிதுபோல இருந்தால் பத்து மடங்கு விலை' என்று சந்தை சொல்லும்போது, யாராவது ஒருவர் கத்தரியை எடுக்கத்தான் செய்வார். மதிப்பெண்ணைத் துரத்தும் இடத்தில் மதிப்பெண்ணுக்காகவே தில்லுமுல்லு நடக்கும். பரீட்சை எழுதிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

எது நல்ல அட்டை?

டி206 அட்டை எதற்குப் பிறந்தது? சிகரெட்டோடு பாக்கெட்டுக்குள் உரச, பையனின் கால்சட்டைப் பையில் மடங்க, நண்பனிடம் மாற்றிக்கொள்ள, சுவரில் சுண்டி விளையாட. மூலை மழுங்கியிருந்தால் அது அந்த வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். பின்பக்கம் பென்சிலால் ஒரு குழந்தை பெயர் எழுதியிருந்தால், அந்த அட்டையின் வரலாற்றில் உயிரோடு இருக்கும் ஒரே வரி அதுதான். கிரேடிங் கணக்கில் அது 'குறை'.

கிரேடிங் முழுக்க வீண் என்பதல்ல வாதம். போலிகள் நிறைந்த சந்தையில், 'இது அசல்' என்று மூன்றாவது ஆள் சொல்வதற்கு நியாயமான தேவை இருக்கிறது. பிரச்சினை, அசலா என்ற கேள்வி பின்னால் போய், எத்தனை மார்க் என்ற கேள்வி முன்னால் வந்ததில்தான்.

2010-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு கன்னியாஸ்திரீகள் சபைக்கு ஒரு வாக்னர் அட்டை வந்துசேர்ந்தது. சகோதரி ஒருவரின் அண்ணன்-தம்பி உறவில் ஒருவர் இறந்தபோது விட்டுச்சென்றது. ஓரங்கள் வெட்டுப்பட்ட, மடிப்பு விழுந்த அட்டை. அதுவே 2 லட்சம் டாலருக்கு மேல் போனது. பணம் சபையின் சேவைப் பணிகளுக்கு. நைந்த அட்டைக்கும் மனிதர்கள் மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

அட்டையில் இல்லாத முகங்கள்

524 அட்டைகளையும் வரிசையாக அடுக்கினாலும் ஒரு கறுப்பின வீரர்கூட வரமாட்டார். 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை அந்தக் கதவு மூடியே இருந்தது.

அதே காலத்தில் ஜான் ஹென்றி லாயிட் என்ற ஷார்ட்ஸ்டாப் கறுப்பின அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார். அவரைக் 'கறுப்பு வாக்னர்' என்றே அழைத்தார்கள். 1977-ல்தான் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார், இறந்து பல ஆண்டுகள் கழித்து. வெள்ளை வாக்னரின் அட்டை அரிதானது, அவர் வேண்டாம் என்று சொன்னதால். கறுப்பு வாக்னருக்கு டி206-ல் அட்டையே கிடையாது. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

பழையதைச் சேர்ப்பவர்கள் பழையதை நேசிப்பவர்கள். அந்த நேசம், இருப்பதை மட்டும் பார்த்து மயங்கினால் பாதி வரலாறு; இல்லாததையும் கேட்டால்தான் முழு வரலாறு.

சரி, வாங்கலாமா?

57 கோடியைக் கேட்டு மிரள வேண்டாம். பிரபலமில்லாத வீரர், தேய்ந்த நிலை, பீட்மான்ட் பின்பக்கம் என்றால் நூறு டாலருக்குள்ளேயே ஒரு அசல் டி206 கிடைக்கும். ஆனால், சில விஷயங்கள் தெரியாமல் இறங்கக் கூடாது.

ஒன்று, மறுபதிப்புகள் ஏராளம். பூதக்கண்ணாடி வைத்துக் கீழே உள்ள பெயரைப் பாருங்கள். அசலில் எழுத்து முழுப் பழுப்பு மையாக இருக்கும். எழுத்தே பல நிறப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால அச்சு.

இரண்டு, புற ஊதா விளக்கில் காட்டினால், பிற்காலத்தில் காகிதத்தை வெளுக்கச் சேர்த்த ரசாயனம் நீலமாக ஒளிரும். 1910-ன் காகிதம் அப்படி ஒளிராது.

மூன்று, அளவு. சக அட்டைகளைவிடக் குறுகலாக இருந்து, ஓரம் மட்டும் சந்தேகப்படும்படி கூர்மையாக இருந்தால், கத்தரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு, ஒரே அட்டையைப் பங்கு பங்காகப் பிரித்து ஆப்பில் விற்கும் திட்டங்கள். அதில் உங்களுக்குக் கிடைப்பது அட்டை இல்லை, திரையில் ஓர் எண். அட்டையைத் தொட முடியாது, பின்பக்கம் திருப்பிப் பார்க்க முடியாது, பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டிக் கதை சொல்ல முடியாது. வட்டி தராத, ஈவுத்தொகை தராத பொருள் அது. அடுத்தவர் அதிக விலைக்கு வாங்கினால்தான் லாபம். ஈஎம்ஐ கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அது சேமிப்பு ஆகாது. செலவு செய்தால் வருத்தப்படாத காசில் மட்டுமே இந்தப் பொழுதுபோக்கு.

கடைசியில்…

ஒரே அட்டையைச் சுற்றி மூன்று பேர். வாக்னர் தன் முகத்தை விற்க மாட்டேன் என்று 10 டாலரைக் கையிலிருந்து கொடுத்தார். பர்டிக் வாழ்நாள் சேமிப்பை ஊருக்கே கொடுத்துவிட்டுப் போனார். மாஸ்ட்ரோ அதன் ஓரத்தை நறுக்கி விலையை ஏற்றினார். சந்தை இந்த மூவரில் யாருக்கு அதிகப் பணம் கொடுத்தது என்பது தெரிந்ததே.

வீட்டுப் பரணில் பழைய தீப்பெட்டி லேபிள்களோ, பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகளோ கிடக்கலாம். அவற்றை எடுத்துப் பார்க்கும்போது ஆன்லைனில் என்ன விலை என்று தேடுவதற்கு முன்னால், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். யாராவது பெயர் எழுதியிருந்தால் அழித்துவிடாதீர்கள். மார்க் குறைந்தாலும் பரவாயில்லை.